பயிற்சி கொடுத்த கம்பெனியில் வந்த புகார்: ஒரு நிகழ்வு ஆய்வு

திருப்பூர் வட்டாரத்தில் உள்ள ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் 2023 இறுதியில் ஒரு பாலியல் துன்புறுத்தல் புகார் மீது நடந்த விசாரணையும் அதற்குப் பிறகு அங்கே பயிற்சி முறை மாறிய விதமும்தான் இந்தக் குறிப்பு. நான் அந்தக் கம்பெனியின் உள்ளகக் குழுவில் (இத்தகைய புகார்களை விசாரிக்கக் கம்பெனிக்குள்ளேயே அமைக்கும் குழு) வெளி உறுப்பினர். நடந்த விசாரணையை வெளியே எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு: பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் (தடுப்பு, தடை மற்றும் தீர்வு) சட்டம் 2013-இன் 16ஆம் பிரிவு, புகார், விசாரணை, பெயர், முகவரி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. ஆனால் அதே பிரிவின் கடைசியில், ஆள் அடையாளம் தெரியாமல், கிடைத்த நீதியைப் பற்றிச் சொல்லலாம் என்று இடமும் விட்டிருக்கிறது. அதற்குள் நின்று எழுதுகிறேன். ஊர், வயது, எண்ணிக்கை, வேலைப் பிரிவு போன்றவற்றில் சிலதை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன்.

போஷ் (இந்தச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயர்) பயிற்சி என்றால் நம் முதலாளிகள் பலருக்கு வருஷத்துக்கு ஒரு மணி நேரம், ஒரு பேனர், ஒரு குரூப் போட்டோ. இந்தக் கம்பெனியும் அதைச் செய்துதான் இருந்தது, மேலோட்டமாகப் பார்த்தால் கோப்பில் ஒரு குறையும் இல்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

பின்னணி

சுமார் 340 பேர் வேலை செய்யும் யூனிட். கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் ஒரே வளாகத்தில். மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். உள்ளூர் டைலர் அக்காக்கள் பாதி, மீதிப் பேர் ஒடிசாவிலிருந்து காண்ட்ராக்டர் மூலம் வந்து கம்பெனி பின்னாடியே ஹாஸ்டலில் தங்கியிருக்கும் இளம் பெண்கள். சூப்பர்வைசர்கள் ஒருவர் விடாமல் ஆண்கள். இது இந்தக் கம்பெனிக்கு மட்டும் உள்ள வழக்கம் இல்லை, இந்தத் தொழிலில் பல இடங்களில் இதுதான் நிலை.

சட்டம் என்ன கேட்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் எழுத்துப்பூர்வ உத்தரவோடு உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைமை அலுவலர் மேல்நிலையில் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், ஒருவர் வெளியாள், பதவிக்காலம் அதிகபட்சம் 3 ஆண்டு. 19ஆம் பிரிவு முதலாளியின் கடமைகளைச் சொல்கிறது. அதில்தான் பயிற்சி வருகிறது, அதுவும் இரண்டு தனி வேலைகளாக. ஊழியர்களுக்குக் குறிப்பிட்ட இடைவெளிகளில் விழிப்புணர்வுப் பயிற்சி, குழு உறுப்பினர்களுக்கு அவர்கள் வேலையை எப்படிச் செய்வது என்ற பயிற்சி. பெரும்பாலான இடங்களில் முதல் பாதியை எப்படியோ ஒப்பேற்றிவிட்டு இரண்டாவது பாதியை மறந்தே போகிறார்கள்.

'குறிப்பிட்ட இடைவெளி' என்றால் எத்தனை மாதம், எத்தனை மணி நேரம் என்று நம் சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 5 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கிற எவரும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேற்பார்வையாளர்களுக்கு 2 மணி நேரமும் மற்றவர்களுக்கு 1 மணி நேரமும் பயிற்சி தந்தாக வேண்டும். நியூயார்க்கில் வருஷா வருஷம். இங்கே எண் இல்லாததால் பையர் (துணி வாங்கும் நிறுவனம்) அனுப்பும் ஆடிட்காரர் எதைக் கேட்கிறாரோ அதுவே அளவாகிவிட்டது. அவர் கேட்பது தேதி, கையெழுத்துத் தாள், போட்டோ.

புகார் எப்படி வந்தது

செப்டம்பர் கடைசியில் ஒரு கைமடிப் பெண் (டைலருக்கு உதவியாக இருப்பவள்) வேலைக்கு வரவில்லை. ஹாஸ்டலிலேயே படுத்திருந்தாள். வார்டன் கேட்டதற்கு உடம்பு சரியில்லை என்றிருக்கிறாள். உண்மையில் அதற்கு முன்பே வார்டனிடம் சொல்லியிருக்கிறாள், வார்டன் கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார். அதே லைனில் (தையல் வரிசையில்) ஓவர்லாக் மெஷின் ஓட்டும் உள்ளூர் அக்கா ஒருவர்தான் விஷயத்தைப் பிடித்தது. அந்தப் பெண்ணுக்கு அரைகுறைத் தமிழ், அக்காவுக்கு அரைகுறை இந்தி, இரண்டையும் வைத்துப் பேசியிருக்கிறார்கள். மறுநாள் அக்கா நேராக ஹெச்ஆர் அறைக்குப் போய், "சார், அந்தப் புள்ளைக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல, சூப்பர்வைசர்தான் பிரச்சனை" என்று சொல்லிவிட்டார்.

ஹெச்ஆரின் முதல் பதில்: "அவ காண்ட்ராக்டர் ஆளாச்சே, அவர்கிட்ட சொல்லுங்க." இரண்டாவது பதில், இரண்டு நாள் கழித்து, காண்ட்ராக்டர் மூலமாகவே வந்தது. இருபதாயிரம் வாங்கிக்கொண்டு வேறு யூனிட்டுக்குப் போகிறாயா என்று.

இரண்டுமே சட்டப்படி தவறு. காண்ட்ராக்டர் மூலம் வந்தவர், தினக்கூலி, அப்ரண்டிஸ் யாராக இருந்தாலும், முதன்மை முதலாளிக்குத் தெரிந்து வேலைக்கு வந்திருந்தாலும் தெரியாமல் வந்திருந்தாலும், ஊழியர்தான் என்று சட்டத்தின் வரையறையே சொல்கிறது. சமரசம் என்பது பாதிக்கப்பட்ட பெண் கேட்டால் மட்டுமே, அதுவும் குழு வழியாக மட்டுமே, அதிலும் பணம் அடிப்படையாக இருக்கவே கூடாது என்பது 10ஆம் பிரிவு. ஹெச்ஆர் கெட்ட மனிதர் இல்லை, பிரச்சனையைச் சீக்கிரம் முடிக்க நினைத்தவர், அவ்வளவுதான். அவருக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை, கோப்பிலோ அவர் பயிற்சி பெற்றதாக இருக்கிறது.

கம்பெனியின் ஆலோசகர் என்னைக் கூப்பிட்டது அந்தக் கட்டத்தில்.

கோப்பும் சுவரும்

முதலில் சுவரில் இருந்த போர்டைப் பார்த்தேன். கேன்டீன் வாசலில், தண்ணீர் கேன்கள் அடுக்கிய இடத்துக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது. ஆங்கிலத்தில் ஐந்து பெயர். தலைமை அலுவலர் என்று போட்டிருந்தது அக்கவுன்ட்ஸ் பிரிவில் சேர்ந்து ஒன்றரை வருஷமான ஜூனியர் பெண். இன்னொரு உறுப்பினர் வேலையை விட்டுப் போய் மாதக்கணக்காகிவிட்டது. வெளி உறுப்பினராக இருந்தவருக்குப் போன் செய்து கேட்டால், இந்தக் கம்பெனிக்கு அவர் ஒருமுறைகூட வந்ததில்லை. குழு உத்தரவின் தேதியை வைத்துக் கணக்குப் பார்த்தால் 3 ஆண்டு அந்த ஜூன் மாதமே முடிந்திருந்தது.

அடுத்து பயிற்சிக் கோப்பு. முந்தைய ஆண்டில் இரண்டு விழிப்புணர்வுக் கூட்டம். ஒன்றில் 212 கையெழுத்து. நாலு பக்கம் ஒரே நீல மை, ஒரே சாய்வு, வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் பையன் உட்கார்ந்து போட்டது என்று பார்த்தாலே தெரியும். இன்னொன்று உண்மையாகவே நடந்திருக்கிறது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் நாற்பது நிமிஷம், ஆங்கில ஸ்லைடு, தமிழில் பேச்சு. வருகைப் பட்டியலில் சூப்பர்வைசர் ஒருவர்கூட இல்லை. ஏன் என்று கேட்டேன். அன்றைக்கு ஷிப்மென்ட்டாம். காண்ட்ராக்ட் ஆட்களின் பெயரும் இல்லை, ஆனால் கூட்டம் அதிகமாகத் தெரிய வேண்டும் என்று ஹாஸ்டல் பெண்களைப் பின்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியிடம் அன்று என்ன சொன்னார்கள் என்று பின்னால் கேட்டபோது சொன்னாள்: "கை தட்டச் சொன்னாங்க, தட்டினோம்."

உள்ளகக் குழு உறுப்பினர்களுக்கான பயிற்சி என்ற தலைப்பில் கோப்பில் ஒரு தாளும் இல்லை. 2023 மே மாதம்தான் உச்ச நீதிமன்றம் கோவா பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரின் வழக்கில், சட்டம் வந்து இத்தனை வருஷமாகியும் குழுக்களின் நிலை மோசம், உறுப்பினர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி தர வேண்டும் என்று நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல் கொடுத்திருந்தது. அந்தச் சேதி இந்த வளாகத்தின் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கேள்வி, யார் விசாரிப்பது? பழைய குழுவை வைத்தே விசாரித்தால் மேல்முறையீட்டில் முதல் வரியிலேயே விழுந்துவிடும். காலாவதியான குழு, தகுதியில்லாத தலைமை. மாவட்ட உள்ளூர்க் குழுவுக்கு அனுப்பலாமே என்று ஆலோசகர் சொன்னார். அது 10 பேருக்குக் குறைந்த இடங்களுக்கும் முதலாளி மீதே வரும் புகார்களுக்கும் உள்ளது, 340 பேர் கம்பெனி தன் பொறுப்பை அங்கே தள்ளிவிட முடியாது. அதனால் புதிய எழுத்துப்பூர்வ உத்தரவோடு குழுவை மாற்றி அமைத்தோம். தரக் கட்டுப்பாட்டுத் துறைத் தலைவராக இருந்த பெண் தலைமை அலுவலர். அவருக்குக் கீழே நாற்பது பேர், ஷிப்மென்ட்டையே நிறுத்தி வைக்கிற அதிகாரம் உள்ளவர், சூப்பர்வைசர்கள் பயப்படுகிற ஆள். நிர்வாகம் உறுப்பினராக அந்த ஓவர்லாக் அக்காவின் பெயரைக் கொடுத்தது. நல்லெண்ணம்தான், ஆனால் அவர் சாட்சி, சாட்சி நீதிபதி நாற்காலியில் உட்கார முடியாது. வேறொரு டைலரைப் போட்டோம். வெளி உறுப்பினராக நான் சேர்ந்தேன்.

இரண்டாவது, புகார் எழுதுவது. அந்தப் பெண்ணுக்குத் தமிழோ ஆங்கிலமோ எழுத வராது. எழுத முடியாதவருக்குப் புகாரை எழுத்தில் கொண்டுவர நியாயமான உதவி எல்லாம் குழு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஒடியாவில் அவளே சொல்லச் சொல்ல, வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர் எழுதினார், வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்து. ஹாஸ்டலிலேயே நன்றாகத் தமிழ் பேசுகிற பெண் இருந்தாள், அவளை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வேண்டாம் என்றோம். ராத்திரி ஒரே அறையில் படுக்கிறவர்கள், விஷயம் வெளியே கசிந்தால் மொழிபெயர்த்த பெண் மேலேயும் பழி வரும்.

புகாரில் இருந்தது இதுதான். பீஸ் கட்டு வாங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது, ஹாஸ்டல் வேனில் பக்கத்து சீட்டில் வந்து ஒட்டி உட்காருவது, டைம் ஆபீஸ் பதிவேட்டிலிருந்து நம்பரை எடுத்து ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் முதலில் குட் நைட், பிறகு போட்டோ அனுப்பச் சொல்லி மெசேஜ். பதில் வராததும் ஓவர்டைம் கட். வேனும் பணியிடம்தான். வேலைக்குப் போகவர முதலாளி ஏற்பாடு செய்த வண்டி சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. முதல் சம்பவம் மே மாதம் என்பதால் மூன்று மாதக் கெடு தாண்டிவிட்டது என்று எதிர்தரப்பு பின்னால் வாதாடிப் பார்த்தது. தொடர் சம்பவங்களில் கடைசிச் சம்பவத்திலிருந்துதான் கணக்கு, அது செப்டம்பர் நடுவில், எனவே அந்த வாதம் நிற்கவில்லை.

மூன்றாவது, விசாரணை முடியும் வரை யாரை நகர்த்துவது? நிர்வாகத்துக்குச் சுலபமாகப் பட்டது அவளைப் பேக்கிங்குக்கு மாற்றுவது. அவளிடமே கேட்டோம். "என் ஊர்க்காரங்க இந்த லைன்லதான் இருக்காங்க, நான் ஏன் போகணும்?" என்றாள். 12ஆம் பிரிவின்கீழ் அவள் எழுதிக் கேட்டபடி சூப்பர்வைசரை மேல் மாடிச் செக்கிங் பிரிவுக்கு மாற்றப் பரிந்துரைத்தோம். வேன் பயணமும் அவருக்கு நிறுத்தப்பட்டது. இது முதல் வாரத்திலேயே நடந்தது. இந்த ஒரு முடிவால்தான் அவள் திரும்ப லைனுக்கு வந்தாள் என்று நினைக்கிறேன். போலீசுக்குப் போக விரும்பினால் கம்பெனி உதவ வேண்டும் என்பதையும் சொன்னோம். அவள் வேண்டாம் என்றாள், அதை அப்படியே பதிவு செய்தோம்.

விசாரணையில் கண்டது

புகார் நகல் ஏழு நாளுக்குள் சூப்பர்வைசருக்குப் போனது, பதிலுக்குப் பத்து வேலை நாள். நடுவில் தீபாவளி. திருப்பூரில் தீபாவளி என்றால் போனஸ், பிறகு கிட்டத்தட்ட ஊரே காலி. "போனஸ் நேரத்துல ஒரு குடும்பஸ்தன் மேல இப்படியா" என்று கேன்டீனில் பேச்சு கிளம்பியது. யார் புகார் கொடுத்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, எப்படி என்று பார்த்தால் வார்டன். 16ஆம் பிரிவைக் காட்டி அவருக்கு எழுத்தில் எச்சரிக்கை போனது. வார்டனுக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே அன்றுதான் தெரியும்.

மெசேஜ்களை அவள் பெரும்பாலும் அழித்துவிட்டிருந்தாள். தோழியிடம் மூன்று ஸ்கிரீன்ஷாட் இருந்தது. சூப்பர்வைசர் நம்பர் தன்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டு, வேலை விஷயமாக அனுப்பியது என்றார். ராத்திரி 11.20க்கு என்ன வேலை விஷயம் என்று தலைமை அலுவலர் கேட்டதற்குப் பதில் இல்லை. ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடக் கனமாகப் பட்டது ஓவர்டைம் நோட்டு. லைன் சூப்பர்வைசர் தன் கையால் எழுதுகிற கோடு போட்ட நோட்டு அது. மே, ஜூன், ஜூலை முழுக்க அவள் பெயர் வாரத்தில் நாலைந்து நாள் ஒன்றரை ஷிப்ட்டில் வருகிறது. ஆகஸ்ட் இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு நாள்கூட இல்லை, அதே லைனில் மற்ற கைமடிகள் அத்தனை பேருக்கும் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டில் கடைசியாக அவள் "இனி மெசேஜ் பண்ணாதீங்க" என்று அனுப்பிய தேதியும் அதே வாரம். சனிக்கிழமை சம்பளக் கவர் மெலிந்ததை அவள் வாயால் சொன்னதற்கு அவர் கையெழுத்தே சாட்சியாக வந்து நின்றது. இந்த விசாரணைகளில் கிரிமினல் கோர்ட் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று நியாயமாகப் பட்டால் போதும். அது தாராளமாக இருந்தது.

அவருடைய எதிர்வாதத்தில் ஒன்று மட்டும் என்னை யோசிக்க வைத்தது. "இதெல்லாம் தப்புன்னு எனக்கு யாரும் சொல்லல. அந்த மீட்டிங்குக்கு எங்களைக் கூப்பிடவே இல்ல, ஷிப்மென்ட் பாருன்னு சொன்னாங்க. விளையாட்டாத்தான் பேசினேன்." தெரியாது என்பது அவரைக் காப்பாற்றாது, விளையாட்டு என்பதும் காப்பாற்றாது. செய்தவரின் உள்நோக்கத்தைவிட அந்தச் செயலை அந்தப் பெண் எப்படி உணர்ந்தாள் என்பதுதான் முக்கியம் என்று 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றமும் வேறொரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அவர் சொன்ன தகவல் உண்மை. கம்பெனியின் கோப்பே அதற்கு ஆதாரம். ஊழியர்களைக் காப்பாற்ற வேண்டிய காகிதம், யாரைக் கூப்பிடாமல் விட்டார்கள் என்பதற்கு நிர்வாகத்துக்கு எதிரான சாட்சியாக மாறியிருந்தது.

அறிக்கையும் நடந்ததும்

டிசம்பர் கடைசியில், 90 நாள் கெடுவுக்குள், விசாரணை முடிந்தது, பத்து நாளில் அறிக்கை கொடுத்தோம். புகார் நிரூபணம். சூப்பர்வைசர் பொறுப்பிலிருந்து நீக்கம், அந்த ஆண்டுச் சம்பள உயர்வு நிறுத்தம், எழுத்தில் மன்னிப்பு, அவள் இழந்த ஓவர்டைமையும் வராத நாள் கூலியையும் மன உளைச்சலையும் கணக்கிட்டு 15ஆம் பிரிவின்படி ஒரு இழப்பீடு. வேலை நீக்கம் வேண்டும் என்று குழுவில் இரண்டு பேர் சொன்னார்கள், நீண்ட நேரம் பேசினோம். முதல் புகார், நிர்வாகமும் தன் கடமையைச் செய்யவில்லை என்பதால் பெரும்பான்மை அவ்வளவு தூரம் போகவில்லை. இப்போதும் அது சரியா என்று குழுவுக்குள் ஒத்த கருத்து கிடையாது.

அறிக்கையின் இரண்டாம் பகுதி நிர்வாகத்தைப் பற்றியது. குழு அமைப்பு, பலகை, பயிற்சி, காண்ட்ராக்ட், ஹாஸ்டல் எல்லாவற்றிலுமாக 4ஆம், 19ஆம் பிரிவுகள் மீறப்பட்டிருக்கின்றன, 26ஆம் பிரிவின்படி ஐம்பதாயிரம் வரை அபராதம், மறுபடி நடந்தால் இரட்டிப்பு, லைசென்சே போகலாம் என்று எழுதினோம். எம்.டி. முகம் சுளித்தார், ஆனால் கேட்டுக்கொண்டார்.

நிர்வாகம் 60 நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் சூப்பர்வைசர் ராஜினாமா கொடுத்தார். கணக்கு முடிக்கும்போது இழப்பீட்டைப் பிடித்து அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள், மன்னிப்புக் கடிதம் வரவில்லை. ஒரு மாதத்துக்குள் அவர் நாலு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அடுத்த முதலாளிக்குச் சொல்ல சட்டத்தில் வழியில்லை, சொன்னால் ரகசியக் காப்பை மீறியதாகும். இந்த ஓட்டையை எப்படி அடைப்பது என்று எனக்கும் விடை கிடையாது.

அந்தப் பெண் அடுத்த ஜூனில் ஒடிசாவின் ரஜ பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டு, தங்கையையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். இப்போது செக்கிங்கில் இருக்கிறாள்.

பயிற்சியை மாற்றிய விதம்

எம்.டி.யோடு நடந்த முதல் பேச்சு பணத்தைப் பற்றித்தான். "லைனை ஒரு மணி நேரம் நிறுத்தினா எவ்வளவு நஷ்டம் தெரியுமா மேடம்?" தெரியும். அதனால்தான் இத்தனை வருஷம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடத்தினார்கள், அதனால்தான் ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சட்டம் கேட்க யாருக்கு மனசு வரும்? தைக்கும் பீஸ் கணக்கில் கூலி வாங்கும் டைலருக்கு அந்த ஒரு மணி நேரத்துக்கு அவருடைய சராசரிக் கூலியைக் கொடுப்பது, வேலை நேரத்திலேயே நடத்துவது என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்.

வரிசையை மாற்றினோம். முதலில் உள்ளகக் குழு. புகார் வாங்கும்போது என்ன கேட்க வேண்டும், என்ன கேட்கக் கூடாது ("நீ ஏன் முதல்லயே சொல்லல" என்பது கேட்கவே கூடாத கேள்வி), நடவடிக்கைக் குறிப்பு எப்படி எழுதுவது, ஏழு நாள், பத்து நாள், தொண்ணூறு நாள் கெடுக்கள். ஒரு கற்பனைப் புகாரை வைத்து முழு விசாரணையையும் ஒத்திகை பார்த்தோம். குழுவுக்கே தெரியாவிட்டால் ஊழியரை விழிப்புணர்வு செய்து என்ன பயன்? அவள் வந்து கதவைத் தட்டும்போது உள்ளே இருப்பவர் திருதிருவென்று விழிப்பார்.

இரண்டாவது சூப்பர்வைசர், மெக்கானிக், டைம் ஆபீஸ், செக்யூரிட்டி, வேன் டிரைவர், வார்டன், காண்ட்ராக்டர். ஷிப்மென்ட் இருந்தாலும் விடுவதில்லை என்று எம்.டி.யே முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். இந்தக் கூட்டம்தான் மிகக் கடினமாக இருந்தது. பிரிவு எண்களைச் சொல்லாமல் லைனில் நடக்கிற காட்சிகளைச் சொன்னோம். பீஸ் வாங்கும்போது விரலைத் தொடுவது, "என்ன இன்னைக்கு பூவெல்லாம் பலமா இருக்கு", லீவு கேட்டால் "நீ எனக்கு என்ன தருவே". முதலில் சிரித்தார்கள். மூன்றாவது காட்சியில் சிரிப்பு நின்றது. ஒருவர் எழுந்து, அப்படியானால் வேலை சரியில்லை என்று திட்டவும் கூடாதா என்றார். திட்டலாம், பீஸைத் திட்டலாம், ஆளின் உடம்பைப் பற்றிப் பேசக் கூடாது என்று தலைமை அலுவலர் சொன்னது பிறகு அந்த மாடியில் வழக்குச் சொல்லாகிவிட்டது.

மூன்றாவதுதான் தொழிலாளர்கள், முப்பது பேருக்கு மிகாமல், தமிழ் தனி, ஒடியாவும் இந்தியும் தனி, அந்த மொழி பேசுகிற பெண்ணே நடத்தினார். ஆண் தொழிலாளர்களுக்கும் உண்டு. பலகை மூன்று மொழியில், பெரிய எழுத்தில், உறுப்பினர்களின் போட்டோவும் போன் நம்பரும் போட்டு லைன் முனை, பெண்கள் கழிப்பறைப் பக்கம், ஹாஸ்டல், வேன் என்று நாலு இடத்தில். டைம் ஆபீஸ் பதிவேட்டில் போன் நம்பர் பத்தியைத் தூக்கிவிட்டு ஹெச்ஆர் கம்ப்யூட்டரில் மட்டும் வைத்தார்கள். காண்ட்ராக்டர் ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்ந்தது.

திண்டுக்கல் பக்கம் ஒரு ஆலையின் பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு 2022 ஏப்ரலில் தொழிற்சங்கமும் கம்பெனியும் வெளிநாட்டு பிராண்டும் போட்ட ஒப்பந்தம் நினைவிருக்கலாம். அதில் லைனிலேயே வேலை செய்யும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கண்காணிப்பாளர்களாக வைத்தார்கள். அந்த யோசனையை இங்கே சின்ன அளவில் எடுத்துக்கொண்டோம், லைனுக்கு ஒரு பெண். ஓவர்லாக் அக்கா இப்போது அதில் ஒருவர். தொழிற்சங்கம் இல்லாத இடத்தில் இது அரைவாசிதான் வேலை செய்யும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கையெழுத்துத் தாளை ஒழிக்கவில்லை, ஆடிட்டுக்கு வேண்டும். ஆனால் பயிற்சி முடிந்து ஒரு வாரம் கழித்து குழுவில் ஒருவர் லைனில் நடந்து, சும்மா பத்துப் பேரிடம் கேட்பார்: புகார் யாரிடம் சொல்வாய், எந்த மொழியில் சொல்லலாம், வேனில் நடந்தால் சொல்லலாமா? முதல் சுற்றில் பாதிப் பேர் தடுமாறினார்கள். தடுமாறிய லைனுக்கு மறுபடி வகுப்பு.

பிறகு

அடுத்த ஆண்டு நாலு புகார் வந்தது. அதற்கு முந்தைய எல்லா ஆண்டறிக்கையிலும் பூஜ்யம். எம்.டி. கலங்கிப்போய் பயிற்சியால்தான் புகார் வருகிறது, நிறுத்திவிடலாமா என்று கேட்டார். பயிற்சியால்தான் வருகிறது, அதற்குத்தான் பயிற்சி என்றேன். நாலில் இரண்டு சின்ன விஷயம், பெண்களே கேட்டபடி குழு முன் பேசித் தீர்ந்தது. ஒன்று நிரூபணமாகித் தண்டனை. ஒன்றில் நிரூபிக்க முடியவில்லை, நிரூபிக்க முடியாததாலேயே அது பொய்ப் புகார் ஆகாது என்று சட்டமே சொல்வதை அறிக்கையில் பெரிதாக எழுதினோம்.

பையர் ஆடிட்காரரும் ஏன் எண்ணிக்கை ஏறியது என்று கேட்டார். மாவட்ட அலுவலருக்குப் போகிற ஆண்டறிக்கையில் வந்த புகார், முடிந்த புகார், 90 நாள் தாண்டியது, நடத்திய பயிற்சி எத்தனை என்று எல்லாப் பத்தியும் இருக்கிறது. பூஜ்யம் இருந்தால் மகிழ்ச்சி, எண் இருந்தால் சந்தேகம் என்று படிக்கிற வழக்கம் ஆடிட் உலகத்தில் இன்னும் போகவில்லை. 2025 ஜூலையிலிருந்து கம்பெனிகளின் இயக்குநர் அறிக்கையிலும் புகார் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். இதைப் பார்த்துவிட்டு எண்ணைக் குறைக்க முதலாளிகள் எதைச் செய்வார்கள் என்பதுதான் என் கவலை.

இனி வேறு மாதிரி

இதே போல இன்னொரு யூனிட்டில் தொடங்கினால் சூப்பர்வைசர் வகுப்பை நிர்வாகம் நடத்தச் சொல்வதற்கு முன்னால் ஓவர்டைம் ஒதுக்கும் அதிகாரத்தை ஒருவர் கையிலிருந்து எடுக்கச் சொல்வேன். பழிவாங்கும் கருவி அதுதான், எவ்வளவு வகுப்பு எடுத்தாலும் அந்த நோட்டு ஒரே ஆள் பாக்கெட்டில் இருந்தால் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். இந்தக் கம்பெனியில் அது இப்போதுதான் சுழற்சி முறைக்கு வந்திருக்கிறது. வார்டன் காண்ட்ராக்டரின் சம்பளத்தில் இருக்கிறார், அதையும் மாற்றக் கேட்டிருக்கிறோம், இன்னும் நடக்கவில்லை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே ஐந்து நிமிஷம் அவர்கள் மொழியில் பலகையைக் காட்டிச் சொல்வது இந்த ஆண்டு சேர்ந்தது. வாரா வாரம் ஆள் மாறுகிற தொழிலில் வருஷத்துக்கு இரண்டு கூட்டம் பாதிப் பேரைத் தொடவே தொடாது. குழுவின் மூன்று ஆண்டு 2026 அக்டோபரில் முடிகிறது, புது உத்தரவுக்கான தேதியை ஹெச்ஆர் ஜூலையிலேயே காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்.